இரண்டு மருமகளும் ஒரு ‘இல்லை’யும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிவரை கேட்ட பிறகு நீ அதை நம்பமாட்டாய் என்பதால் இப்போதே நம்பிக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இதை உன் மகள்தான் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்பது எனக்குத் தெரியும். படிக்கிற பிள்ளைக்கு ஒரு வார்த்தை: மாமா உன்னைப் பற்றி எழுதியிருக்கிற இடம் வரும்போது குரலைத் தாழ்த்தி முழுங்காதே. உன் அம்மாவுக்குக் கண்தான் மங்கிப்போயிற்று, காது பாம்புக் காது. சின்ன வயதில் நான் இரும்புப் பெட்டியைத் திறக்கிற சத்தம் அவளுக்கு அடுத்த தெருவில் கேட்கும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ ‘ம்’ கொட்டிக்கொண்டே அழுவாய், நான் அதட்டுவேன், நடுவில் மாப்பிள்ளை போனை வாங்கி, “என்ன மச்சான், வெயில் எப்படி?” என்பார், சொல்ல வந்தது வெயிலோடு போய்விடும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு வந்து, சித்தப்பாவுக்கு வந்து, உனக்கும் வந்திருக்கிற இந்தக் கண் நோய், அதாவது ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து நடுவில் சாவித்துவாரம் அளவுக்கு மட்டும் வெளிச்சத்தை மிச்சம் வைக்கிற இந்த நோய், ரத்தத்தில் எந்த இடத்துக் கோளாறால் வருகிறது என்று தெரிந்தால்தான் உன் மகளிடம் அது இருக்கிறதா என்று சொல்ல முடியும் என்று கண் மருத்துவர் சொன்னதும், அப்படிச் சொல்லிச் சான்று தந்தால்தான் அவளை ஆம்புலன்ஸ் ஓட்ட விடுவோம் என்று வேலை கொடுத்தவர்கள் சொன்னதும், அவள் ஓட்டுநர் தேர்வில் முதலாவதாக வந்தும் சீருடையை அலமாரியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் உனக்குத் தெரியாததல்ல. அதற்காகத்தான் என் மருமகள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில் நாம் எல்லோரும் வரிசையாகப் போய் ரத்தம் கொடுத்தோம். “நான் கட்டிக்கிட்டு வந்தவன், என் ரத்தம் எதுக்கு?” என்று மாப்பிள்ளை மட்டும் தப்பித்துக்கொண்டார். அவர் புத்திசாலி.

ரத்தம் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். இல்லையாம். ரத்தத்தை ஓர் இயந்திரம் எழுத்தெழுத்தாகப் படித்துக் கொடுக்குமாம். அந்த எழுத்தை ஒரு மென்பொருளுக்குள் ஏற்ற வேண்டுமாம். ஏற்றிய பிறகும் அந்த மென்பொருளுக்கு இது யாருடைய மாதிரி, ஆணா பெண்ணா, என்ன உறவு, நோய் உண்டா இல்லையா என்று ஒன்றுமே தெரியாதாம். எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாகப் போட்டு அதையும் ஏற்றி, ஒவ்வொரு மாதிரிக்கும் அதனதன் விவரத்தைக் கோத்துவிட வேண்டுமாம். அட்டவணையைக் குடும்பத்தில் ஒருவர் நிரப்பித் தரவேண்டும் என்று மருமகள் சொன்னபோது என் மகன், “நான் பண்றேன்” என்றான். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான் வீட்டில் இருக்கும்போது, ‘ஒரு’ எங்கே ‘ஓர்’ எங்கே என்று தெரியாதவன் அட்டவணை போடுவதா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து நானே தட்டச்சு செய்தேன். அச்சகத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பியது வயதானதால் அல்ல என்று உனக்கே தெரியும். பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் பிழைகளை விட்டுவிடுகிறேன் என்று முதலாளி குறை சொன்னார். பக்கத்தின் ஓரத்தை எவன் படிக்கிறான்?

மருமகளோடு மருத்துவமனைக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்டில்தான். வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. அதை அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்தால் மனிதன் மோதாமல் என்ன செய்வான்? மோதினேன். அறைக்குள் ஒரு குப்பைக்கூடையைக் கொண்டுவந்து சரியாகக் காலடியில் வைத்திருக்கிறார்கள். காலடியில் வைத்தால் யாருக்குத் தெரியும்? அதையும் உதைத்தேன். கூடை உருண்டோடி, ரத்தக் குழாய்களை அடுக்கி வைத்திருக்கும் பெரிய குளிர்பெட்டியில் போய் முட்டி நின்றது. அந்த அறையில் எந்நேரமும் அந்தப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. மருமகள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, என் அட்டவணையை மென்பொருளுக்குள் ஏற்றினாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மாமா, யாரு இந்த ‘பெயர்’?”

“எந்தப் பெயரும்மா?”

“‘பெயர்’னு ஒருத்தர் இருக்காரு. அவருக்கு வயசு ‘வயது’. உறவு ‘உறவு’. அவருக்கு வந்திருக்கிற நோய் ‘நோய்’.”

நடந்தது என்னவென்றால், அட்டவணைக்கு மேலே ‘நமது குடும்ப விவரம்’ என்று பெரிய எழுத்தில், சுற்றிலும் கோடு போட்டு, ஒரு தலைப்பு வைத்திருந்தேன். தலைப்பில்லாமல் ஒன்றை அச்சுக்கு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அந்த மென்பொருளோ முதல் வரியில் இருப்பதுதான் தலைப்பு, இரண்டாவது வரியிலிருந்து ஆட்கள் என்று எடுத்துக்கொள்ளுமாம். ஆகவே நம் குடும்பத்தில் ‘பெயர்’ என்று ஒரு சொந்தக்காரர் புதிதாகச் சேர்ந்துவிட்டார். அவரை நீக்கினாள். நீக்கியதும் சிவப்பாக ஏதோ வந்தது. “பொருந்துற மாதிரி ஒண்ணுகூட இல்லையாம்” என்றாள். குழாயில் பூஜ்யம் பூஜ்யம் மூன்று என்று எண் ஒட்டியிருக்கிறது. நான் அப்படியேதான் அடித்தேன். என் கணினி முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று இரண்டையும் விழுங்கிவிட்டு வெறும் மூன்று என்று வைத்துக்கொண்டது. எனக்கும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மென்பொருளுக்கு மட்டும் பூஜ்யம் பூஜ்யம் மூன்று வேறு ஆள், மூன்று வேறு ஆளாம். அவள் ஒவ்வொன்றாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டே வந்து, “மாமா மாதிரி எங்க?” என்று முணுமுணுத்தாள்.

“என்ன மாதிரி?”

“உங்க மாதிரி, மாமா.”

“என்னை மாதிரி யாரும் கிடையாதும்மா” என்றேன். பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. நல்ல பெண்தான், குறை சொல்லக்கூடாது, ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குச் சிரிப்பு வராது. வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் டம்ளரை மேசையின் ஓரத்தில் வைக்கிறாள், நான் தட்டிவிட்டால் ஒன்றுமே சொல்லாமல் துடைக்கிறாள். திட்டினாலாவது நாம் திருப்பித் திட்டலாம்.

அடுத்து உன் முறை. நோய் தொடங்கிய வயது என்ற கட்டத்தில் உனக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் என்று இரண்டு எண்ணையும் நடுவில் ஒரு கோட்டையும் போட்டிருந்தேன். கணினி அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஆக, உனக்குப் பார்வை மங்கத் தொடங்கியது டிசம்பர் பத்தாம் தேதி. எந்த வருஷத்து டிசம்பர் என்று கேட்காதே, இந்த வருஷத்து டிசம்பராம். இன்னும் வரவே இல்லை. அதுவரைக்கும் நீ ஜோராக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். சொல்லிவிட்டுச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன், சிரிப்பு வரவில்லை. நீ பாவாடை தடுக்கிக் கிணற்றடியில் விழுந்ததும், ‘குனிஞ்சு பார்த்து நடக்கத் தெரியாதா’ என்று எல்லோரும் உன்னைத் திட்டியதும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

சித்தப்பா கதை இதைவிட மோசம். நோய் என்ற கட்டத்தில் அவருக்கு ‘உண்டு’ என்று மட்டும் போட்டு விட்டிருக்கலாம். விவரமாக இருக்கட்டும் என்று, ‘உண்டு, இரவில் அதிகம்’ என்று போட்டேன். முறைப்படி நடுவில் காற்புள்ளியும் வைத்தேன். காற்புள்ளியைக் கண்டால் மென்பொருள் அடுத்த கட்டத்துக்குத் தாண்டிவிடுமாம். அடுத்த கட்டம் பாலினம். எனவே நம் சித்தப்பாவின் பாலினம் ‘இரவில் அதிகம்’ என்று பதிவாகிவிட்டது. அவருடைய வயது ‘ஆண்’. எழுபத்தெட்டு போய் உறவு என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து இவர்களுடைய துறைத் தலைவி உள்ளே வந்தார். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்று சொல்கிற அம்மாள். கண் மருத்துவமனைக்குப் பொருத்தமான ஆள். அவர் திரையில் சித்தப்பாவின் வரியைப் படித்தார். சித்தப்பாவின் குடும்பத்து ஆள் என்ற முறையில் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

அப்பாவையும் விட்டுவிடவில்லை. அவர் ரத்தம் கொடுக்கவில்லைதான், ஆனால் அவரை விட்டுவிட்டுக் குடும்பத்துக்கு அட்டவணை எப்படிப் போடுவது? முதல் ஆளாக அவரைத்தான் வைத்தேன். காலமாகிவிட்டாரே, அதனால் அவர் வரியில் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று போட்டுக்கொண்டே போனேன்.

“மாமா, தாத்தாவுக்குக் கண் நோய் இல்லையா?” என்றாள் மருமகள்.

“அவரே இல்லையேம்மா.”

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். “மாமா, நோய் இல்லைங்கிறது வேற. தெரியலைங்கிறது வேற. ஆளே இல்லைங்கிறது வேற. மூணுக்கும் நீங்க ஒரே வார்த்தையைப் போட்டுட்டீங்கன்னா அது எப்படிக் கண்டுபிடிக்கும்?”

“நாம கண்டுபிடிக்கிறோமே?”

“நாம முகத்தைப் பார்க்கிறோம் மாமா. அதுக்குக் கட்டம் மட்டும்தான் தெரியும்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் மென்பொருளைத்தான் சொன்னேன். அவள் யாரைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

இனி உன் மகள் விஷயம். படிக்கிற பிள்ளை நிமிர்ந்து உட்காரட்டும். உறவு என்ற கட்டத்தில் எனக்கு என்ன உறவோ அதைத்தானே போட வேண்டும்? தங்கை மகள் எனக்கு மருமகள். மருமகள் என்றே போட்டேன். ஏற்றி முடித்த பிறகு பார்த்தால் ஆள் குறைகிறது. உன் மகளைக் காணோம். குழாய் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, வரி இருக்கிறது, கணக்கில் மட்டும் ஆள் இல்லை. மருமகள் தேடிக்கொண்டே போய் அந்த வரியில் விரலை வைத்து நின்றாள்.

“மருமகள், வயசு இருபத்திரண்டு, மாதிரி உண்டு. மாமா, இது நானா? நான் எப்ப ரத்தம் குடுத்தேன்? எனக்கு எப்ப இருபத்திரண்டு வயசு?”

மருமகள் என்றால் மகன் பெண்டாட்டி, கல்யாணத்தில் வந்த உறவு, ரத்தம் கிடையாது என்று அந்த மென்பொருளைச் செய்தவர்கள் அதற்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். ரத்த உறவில்லாதவளைத் தேடலில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று அது உன் மகளை வெளியே நிறுத்திவிட்டது. எந்தப் பிள்ளைக்காக இவ்வளவு பாடும் படுகிறோமோ அதே பிள்ளையை. நானும் மருமகள் என்று கூப்பிட இரண்டு பேரை வைத்துக்கொண்டு எப்போதாவது குழம்பியிருக்கிறேனா? ஒருத்தியைக் கூப்பிட்டால் ஒருத்திதான் வருகிறாள். இப்போது இவள் அந்த வார்த்தையை அழித்துவிட்டு ‘தங்கையின் மகள்’ என்று அடித்தாள். அப்புறம்தான் உன் மகள் உள்ளே வந்தாள்.

எல்லாம் சரியாயிற்று. சிவப்பு எதுவும் வரவில்லை. எல்லோருக்கும் அவரவர் விவரம் பொருந்தியது. தேட வேண்டியது என்ன என்று அவள் எனக்கு விளக்கினாள். நோய் இருப்பவர்கள் எல்லோரிடமும் இருக்க வேண்டும், நோய் இல்லாதவர்கள் யாரிடமும் இருக்கக் கூடாது, அப்படி ஓர் எழுத்துப் பிழை. அது நம் தொழில்தானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நோய் இருப்பவர்கள் பக்கம் நீயும் சித்தப்பாவும். இல்லாதவர்கள் பக்கம் நம் அத்தையும் நானும். அத்தைக்கு இந்த வயதிலும் முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோக்கிற கண். உன் மகளுக்கும் என் மகனுக்கும் சின்ன வயது என்பதால் ‘தெரியாது’ என்று போட்டுவைத்தாள். இந்த நோய் சிலருக்குப் பிள்ளைப் பிராயத்திலேயே வரும், சிலருக்குத் தலை நரைத்த பிறகு வருமாம். பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதில் வந்தது: எதுவும் இல்லை.

நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவள்தான் விடவில்லை. அத்தை வரியை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தேடினாள். எதுவும் இல்லை. அத்தையைத் திரும்பச் சேர்த்துவிட்டு, என் வரியை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தேடினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அவள் என் வரியையும் உன் வரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாமா, உங்க மாதிரியும் உங்க தங்கச்சி மாதிரியும் இந்த இடத்துல ஒரே மாதிரி இருக்கு.”

“அண்ணன் தங்கச்சின்னா ஒரே மாதிரிதாம்மா இருக்கும்.”

“அதைத்தான் மாமா நானும் சொல்றேன்.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “நோய்ங்கிற கட்டத்துல உங்களுக்கு ‘இல்லை’ன்னு போட்டிருக்கீங்க. அது எந்த இல்லை? நோய் இல்லையா, தெரியலையா?”

“இல்லைன்னா இல்லைதான்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ‘பார்க்கலாம்’ அம்மாள் எட்டிப் பார்த்து, “கீழ்மாடியிலதான் கண் பரிசோதனை இருக்கு, ஒரு தடவை பார்த்துக்கலாமே ஐயா?” என்றார். எனக்கு எதற்கு? கண் தெரியாதவனா இவ்வளவு பெரிய அட்டவணையைத் தட்டச்சு செய்தான்? என் குழாய் வேறு யாருடைய குழாயோடோ மாறியிருக்கும், மறுபடி ரத்தம் எடுங்கள் என்றேன். முதலில் கண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகு ரத்தத்தைப் பார்க்கலாம் என்றார். முடியாது என்று வந்துவிட்டேன். வரும்போது அதே கண்ணாடிக் கதவு. அதே சுத்தம்.

இப்போது எல்லாம் நடுவழியில் நிற்கிறது. என் வரியில் ‘இல்லை’ இருக்கிறவரை அந்த ஒரே பிழை கணக்கில் வராதாம். அது கணக்கில் வராவிட்டால் உன் மகளிடம் அது இருக்கிறதா என்று பார்க்கவும் முடியாதாம், சான்றும் கிடையாதாம். வேலை கொடுத்தவர்கள் மாதக் கடைசிவரை பொறுப்பார்களாம், பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது எனக்கு. இந்த இரண்டு நாளாக வீட்டிலும் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன் அண்ணி இருந்திருந்தால் யாராவது ஒருவரையாவது திட்டியிருப்பாள், வீடு வீடாக இருந்திருக்கும்.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பவள் நீ. ‘என் அண்ணனுக்குக் கண்ணில் எந்தக் குறையும் கிடையாது, அவர் பொழுது சாய்ந்த பிறகு வெளியே போகாததற்குக் காரணம் தெருவிளக்கு சரியில்லாததுதான், மாடிப்படி ஏறாததற்குக் காரணம் முழங்கால்தான், கல்யாண வீட்டில் நீட்டிய கையைப் பிடிக்காமல் விட்டதற்குக் காரணம் யோசனைதான்’ என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தத் துறைத் தலைவிக்கு அனுப்பு. நீ சொல்லச் சொல்ல உன் மகள் எழுதட்டும். குடும்பத்தில் ஒருவர் சாட்சி சொன்னால் மறுபடி ரத்தம் எடுக்காமல் இருக்க மாட்டார்கள். படிக்கிற பிள்ளை இந்த இடத்தில் நிறுத்தி அம்மா முகத்தைப் பார்க்காமல் மேலே படி.

மாப்பிள்ளையின் இருமல் தணியட்டும். நீ நடக்கும்போது எல்லோரும் பாதையை ஒழித்துக் கொடுக்கட்டும். உன் மகள் ஏறுகிற வண்டிக்கு எல்லாச் சிவப்பு விளக்கும் பச்சையாகட்டும். மூவருக்கும் இந்த வீட்டிலிருந்து ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கண்ணில் ஒரு குறையும் இல்லாத உன் அண்ணன்.

பி.கு.: இதுமட்டும் என் கையெழுத்து. தடித்த பேனாவால் எழுதுகிறேன், வரிமேல் வரி ஏறியிருந்தால் படிக்கிற பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கிற அழகான கையெழுத்து என்னுடையது அல்ல என்று அவள் முதல் வரியிலேயே உனக்குச் சொல்லியிருப்பாள். நான் சொல்லச் சொல்ல எழுதியது மருமகள். தன்னைப் பற்றி நான் சொன்ன குறையைக்கூட ஒரு புள்ளி விடாமல் எழுதினாள். ‘கண்ணில் ஒரு குறையும் இல்லாத’ என்று வந்தபோது மட்டும் பேனா நின்றது. “எழுதும்மா” என்றேன். எழுதினாள். உறையில் போட்டு, முகவரி எழுதி, என் முன்னால் மேசையின் நடுவில் வைத்தாள். “ஒரு மருமகள் எழுதி இன்னொரு மருமகள் படிக்கப் போற லெட்டர் மாமா இது” என்றாள். உறையை என்னால் ஒட்ட முடியவில்லை.

மறுநாள் மருத்துவமனையின் கீழ்மாடிக்குப் போனேன். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். நடுவில் வந்ததற்கெல்லாம் அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இயந்திரம் பழுதாகிவிட்டது போல என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். “விளக்கே வரலையேம்மா” என்றதற்கு அந்தப் பெண், “வந்துக்கிட்டுதான் ஐயா இருந்துச்சு” என்றாள்.

எனக்குத் தெரியாமல் இல்லை, தங்கச்சி. நான் ‘உண்டு’ என்று போட்டால் அது என் வரியோடு நிற்காது, அடுத்த வரியில் என் மகன் இருக்கிறான். அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் பிள்ளையின் வழியை மறித்து உட்கார்ந்திருந்தேன். என் வரியில் நானே அந்த வார்த்தையை மாற்றி அடித்தேன். மருமகள் மறுபடி ஏற்றினாள். பிழை கிடைத்துவிட்டது. நீ சாட்சிக் கடிதம் எதுவும் எழுதாதே. சான்று தனியாகத் தபாலில் வருகிறது. படிக்கிற பிள்ளை, இந்த ஒரு வரியை மட்டும் உன் அம்மாவுக்கு இரண்டு தடவை படி: உன்னிடம் அது இல்லை. இந்த ‘இல்லை’யைப் போட்டது நானல்ல, மருத்துவர்.

என் மகன் வரியில் என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. மருமகளும் சொல்லவில்லை. நேற்று அவள் வீட்டில் இருக்கிற பழைய பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, பளீரென்று எரிகிற பல்புகளாக மாட்டினாள். உங்களுக்காகத்தான் மாமா என்றாள். மாடியில் அவர்கள் அறையிலும் மாட்டியிருக்கிறாள். நான் மாடி ஏறுவதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.